முதல் ஷாட்கன் வாங்கும் முன்: குமரிக்காரர்களுக்குச் சில விஷயங்கள்

வேட்டைக்கு முதல் ஷாட்கன் எது வாங்கலாம் என்று கேட்பவர்கள் நம்ம குமரி மாவட்டத்தில் இரண்டு வகை. யூடியூபில் வெள்ளைக்காரன் நாயைக் கூட்டிக்கொண்டு போய் வாத்து சுடுவதைப் பார்த்துவிட்டுக் கேட்கும் இளவட்டம் ஒரு வகை. கடையாலுமூடு, பத்துகாணி, கீரிப்பாறை, தடிக்காரன்கோணம் பக்கம் மரச்சீனியும் வாழையும் வைத்து, கிழங்கு பருக்கிற நேரத்தில் ஒரே ராத்திரியில் பன்றிக்கூட்டம் விளையை உழுது போட்டுவிட்டுப் போனதைப் பார்த்து வயிறெரிந்து கேட்கும் விவசாயி இன்னொரு வகை. முதல் ஆளுக்குப் பதில் சின்னது. இந்தியாவில் பொழுதுபோக்குக்கு வேட்டையாட முடியாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது வேட்டைக்கென்று தனி லைசென்ஸ் வாங்கும் வழி கொஞ்சம் மிச்சமிருந்தது, 1991 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். இரண்டாவது ஆளுக்குத்தான் பதில் நீளம்.

"லைசென்ஸ் எடுத்துட்டா பன்னியச் சுடலாம்லா மக்ளே?" என்று விளையில் வைத்து ஒரு மாமா கேட்டார். சுட முடியாது மாமா. துப்பாக்கி வைத்திருக்க அனுமதி கொடுப்பது 1959 ஆயுதச் சட்டம். ஒரு விலங்கைச் சுடலாமா கூடாதா என்று சொல்வது வன உயிரினச் சட்டம். கலெக்டர் ஆபீசில் வாங்கும் லைசென்ஸ் முதலாவதுக்கு மட்டும்தான். "பயிர்ப் பாதுகாப்புக்காக" என்று அதில் எழுதியிருந்தாலும் இரண்டாவது கதவு தானாகத் திறக்காது. இதைப் புரிந்துகொள்ளாமல் லைசென்ஸ் துப்பாக்கியை வைத்தே வழக்கில் மாட்டிக்கொள்ள வழியிருக்கிறது. துப்பாக்கி சட்டப்படி இருக்கும், சுட்டது குற்றமாக இருக்கும், கடைசியில் துப்பாக்கியும் போகும்.

முதலில் லைசென்ஸ். ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் பொறுமையாகப் படித்தால் ஒரு சுவாரஸ்யம் தெரியும். தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால் 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உட்புறம் வழவழப்பான துப்பாக்கிக்கு, அதாவது நாம் ஷாட்கன் என்று சொல்வதற்கு, லைசென்ஸ் கொடுக்கலாம். ஆனால் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று கேட்டால் சட்டம் முதலில் சொல்வது வாய்வழியாக மருந்து இடித்துச் சுடும் பழைய ரகத்தைத்தான். அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் மட்டுமே தோட்டா போடும் ஷாட்கன். விவசாயியின் கையில் வேகமாகச் சுடும் துப்பாக்கி தேவையில்லை, சத்தம் போட்டு விரட்டினால் போதும் என்ற நினைப்பில் 1959-ல் எழுதியது போலிருக்கிறது, இன்றும் அப்படியே இருக்கிறது. ஆகவே பயிருக்காக என்று மனு போடுகிறவர் எவ்வளவு நிலம், என்ன பயிர், காட்டிலிருந்து எவ்வளவு தூரம், ஏற்கெனவே நஷ்டம் ஆனதற்கு வி.ஏ.ஓ.விடமோ வனத்துறையிடமோ கொடுத்த புகார் நகல் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுவது நல்லது. வெறும் "பன்றி தொல்லை" என்ற ஒற்றை வரி மனு அதிகாரி மேசையில் நிற்காது.

வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். ஏ-1 படிவம், போலீஸ் விசாரணை அறிக்கை, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாக வைக்க வீட்டில் வசதி இருக்கிறது என்ற உறுதிமொழி, 2016 விதிகள் வந்த பிறகு துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று, இதெல்லாம் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 வருஷம் செல்லும், முன்பு 3 வருஷம். அதே திருத்தம் ஒரு ஆள் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கியை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மனுவை மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், மேல்முறையீடும் உண்டு. இடையில் எத்தனை தடவை ஸ்டேஷனுக்கும் நாகர்கோவிலுக்குமாக அலைய வேண்டும் என்பது எந்த விதியிலும் எழுதியிருக்காது.

இனி நம்ம மாவட்டத்துக்கென்றே உள்ள சிக்கல். வன உயிரினச் சட்டத்தின் 34-ஆம் பிரிவை ஆயுத லைசென்ஸ் பற்றிப் பேசும்போது யாரும் சொல்வதில்லை. ஒரு சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிதாகத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுப்பதென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருந்தவர்கள், சரணாலயம் அறிவிக்கப்பட்ட மூன்று மாதத்துக்குள் தங்கள் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். சரி, இது நமக்கு எங்கே இடிக்கிறது? கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் 400 சதுர கிலோமீட்டருக்கு மேல். மாவட்டம் மொத்தமே 1,700-க்குள். வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலை ஓரமாக நீளமாகப் படுத்திருக்கும் காட்டுக்கு வெளியே 10 கிலோமீட்டர் என்று ஒரு கோடு போட்டுப் பாருங்கள். குலசேகரம், திருவட்டாறு, அருமனை, பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம் என்று பன்றித் தொல்லை எங்கெல்லாம் உண்டோ அந்த ஊர்கள் பெரும்பாலும் கோட்டுக்குள் வந்துவிடும். பன்றியைக் கண்ணால் பார்க்காத கடற்கரைக்காரருக்கு இந்தக் கூடுதல் படி இல்லை, பன்றியோடு தினம் மல்லுக்கட்டுகிறவருக்கு இருக்கிறது. காட்டின் பக்கத்தில் துப்பாக்கி பெருகக்கூடாது என்ற நோக்கம் தப்பில்லைதான். ஆனால் மனு ஏன் மாதக்கணக்கில் நகரவில்லை என்று தெரியாமல் கலெக்டர் ஆபீஸ் கிளார்க்கைத் திட்டிக்கொண்டிருப்பவர்கள் இதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

காட்டுப்பன்றிக்கு வருவோம். 2022-ல் வன உயிரினச் சட்டத்தின் அட்டவணைகளை, அதாவது எந்த விலங்குக்கு எவ்வளவு பாதுகாப்பு என்ற பட்டியல்களை, மாற்றி எழுதினார்கள், 2023 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. பன்றி இப்போது இரண்டாம் அட்டவணையில். அதைக் கொன்றால் மட்டுமல்ல, கண்ணி வைத்தால், விஷம் வைத்தால், கொல்ல முயற்சி செய்தாலே "வேட்டை" என்ற கணக்கில் வரும். 3 வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சரணாலயத்துக்குள் வைத்து என்றால் குறைந்தபட்சத் தண்டனையே 3 வருஷம், அது 7 வரை போகும். கொல்ல வழியே இல்லையா என்றால், உண்டு. உயிருக்கோ பயிருக்கோ ஆபத்தான விலங்கை வேட்டையாட எழுத்துப்பூர்வமாக அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை 11-ஆம் பிரிவு தருகிறது. அந்தக் காகிதம் கையில் இல்லாமல் விசையை அழுத்தக்கூடாது.

தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் பன்றிக்கென்று ஒரு ஏற்பாடு அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றைத் தாண்டினால் சுடலாம். இதைக் கேட்டவுடன் "அப்போ சுடலாம்லா" என்று கிளம்பியவர்கள் உண்டு. சுடுவது வனத்துறை ஆட்கள், நீங்கள் அல்ல. கிராம அளவில் ஒரு குழு இருக்கும், அதனிடம் சொல்லித்தான் நடக்க வேண்டும். கோவை, ஈரோடு பக்கம் காட்டிலிருந்து வெகு தூரம் சமவெளிக்கு இறங்கி வந்துவிட்ட பன்றிகளுக்கு இது ஓரளவு பொருந்தும். நம்மூரில் காடும் விளையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. அரசு ரப்பர் தோட்டம் முடிகிற இடத்தில் மரச்சீனி தொடங்குகிறது. அதிகம் அடிபடுகிறவர் முதல் வளையத்திலேயே இருக்கிறார், அங்கே பன்றிக்கு ஒன்றும் ஆகாது. இந்தக் கிலோமீட்டர் கணக்கைப் போட்டவர்கள் ஒரு தடவை ஆறுகாணிப் பக்கம் நடந்து பார்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

களியக்காவிளை தாண்டினால் கதை வேறு. கேரளத்தில் 2022 மே மாதம் முதல் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே கௌரவ வன உயிரினக் காப்பாளர் அந்தஸ்து கொடுத்து, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கீழே இறக்கிவிட்டார்கள். சுடுவது யார்? லைசென்ஸ் உள்ள உள்ளூர்த் துப்பாக்கிக்காரர்கள், பட்டியலில் பெயர் சேர்த்து. விஷம், வெடி, மின்சாரம் கூடாது, சுட்ட பன்றியைப் புதைக்க வேண்டும், கறி வைக்க முடியாது. நம்ம ஆட்கள் பாறசாலைப் பக்கத்துச் சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தைப் பார்த்துவிட்டு "அங்கே சுடுகிறார்களே" என்கிறார்கள். 1956 வரை ஒரே மாநிலமாக இருந்த மலையோரம் இது, பன்றிக்கு மாநில எல்லை தெரியாது, ஆனால் வழக்கு எந்த மாநிலத்து ரேஞ்சர் ஆபீசில் பதிவாகிறது என்பதைப் பொறுத்து உங்கள் தலையெழுத்து மாறும். அந்த ஊர்ப் பட்டியலில் இருப்பவர்கூட எல்லை தாண்டி இங்கே வந்து சுட்டால் குற்றவாளிதான்.

ஒரு கிளைக்கதை, ஏர்கன். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர்கன்னுக்கு ஆயுத லைசென்ஸ் வேண்டாம். அதனால் அதில் எதைச் சுட்டாலும் பரவாயில்லை என்று ஒரு நினைப்பு. தேரூர் குளத்திலும் வேம்பனூர் குளத்திலும் கொக்கு, நாரை, தாராவை ஏர்கன்னில் குறிவைப்பவனும் அதே வன உயிரினச் சட்டத்தில்தான் வருவான். சுசீந்திரம்-தேரூர், வேம்பனூர் இரண்டும் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்தவை வேறு. கள்ளத்துப்பாக்கி பற்றிச் சொல்லவே வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே 2 முதல் 5 வருஷம், செய்து விற்றால் குறைந்தபட்சம் 7. பட்டறையில் தண்ணீர்க் குழாயை அறுத்துப் பால்ரஸ் குண்டு போட்டுச் சுடும் அந்தச் சாமான் வெடிக்கும்போது எந்தப் பக்கம் வெடிக்கும் என்று செய்தவனுக்கே தெரியாது. தீனிக்குள் வெடிமருந்து வைத்துப் போடும் அவுட்டுக்காய் அதைவிடக் கேவலம். பன்றிக்கு வைத்ததை மாடு கடித்து வாய் சிதறி நிற்பதைப் பார்த்தவர்கள் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

இவ்வளவையும் தாண்டி, தற்காப்புக்கோ பயிருக்கோ குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கோ லைசென்ஸ் வந்துவிட்டது என்று வையுங்கள். இப்போது துப்பாக்கி.

ஷாட்கன் என்பது உட்புறம் வழவழப்பான குழல். ரைபிள் குழலுக்குள் திருகு வரி இருக்கும், ஒற்றைக் குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும். ஷாட்கன் ஒரு கை நிறைய ஈய ரவையை ஒரே நேரத்தில் வீசுகிறது. 12 போர் என்றால் என்ன என்று பலருக்குத் தெரிவதில்லை. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாகப் பிடித்தால் ஒரு உருண்டை அந்தக் குழலுக்குள் சரியாக உட்காரும், சுமார் 18.5 மி.மீ. அதனால்தான் எண் கூடக்கூடக் குழல் சின்னதாகிறது, 16 போர் 12-ஐ விட ஒல்லி, 20 இன்னும் ஒல்லி. 410 மட்டும் இந்தக் கணக்கில் வராது, அது அங்குல அளவு, 0.410. நம்ம ஊர் லைசென்ஸ்களில் பெரும்பாலும் எஸ்.பி.பி.எல். அல்லது டி.பி.பி.எல். என்று போட்டிருக்கும், ஒற்றைக்குழல், இரட்டைக்குழல், பின்பக்கமாகத் தோட்டா போடுவது. முதல் துப்பாக்கிக்கு என் சிபாரிசு மடக்கித் திறக்கும் ரகம்தான். மடக்கி வைத்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று எதிரே நிற்கும் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பம்ப் ஆக்‌ஷன் (முன்கட்டையை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா மாற்றும் ரகம்) மோசமில்லை, திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையே 12 போரில் செய்திருக்கிறது, ஆனால் அதில் ஒரு தோட்டா உள்ளே ஒளிந்து கிடக்கும், புதிதாகப் பழகுகிறவர் "காலி" என்று நினைத்துக்கொள்வார்.

புதுசு வாங்குவதைவிட இங்கே கைமாறி வரும் பழைய துப்பாக்கிகள்தான் அதிகம். எப்படிப் பார்ப்பது? முதலில் மடக்கி, இரண்டு குழலும் காலி என்று விரலை விட்டே உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலை மாட்டி மூடி, காதோரம் வைத்து லேசாக ஆட்டுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. அடுத்து குழலைத் தனியாகக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்புறமிருந்து பாருங்கள். நல்ல குழலில் வெளிச்சம் வட்டம் வட்டமாக, முறியாத வளையங்களாகத் தெரியும். எங்கேயாவது வளையம் நெளிந்தால் அங்கே வெளியிலிருந்து அடிபட்டிருக்கிறது, கறுப்பு மோதிரம் போல ஒன்று தெரிந்தால் உள்ளே எதுவோ அடைத்திருந்தபோது சுட்டு, குழல் உப்பியிருக்கிறது. அதை விலை குறைவு என்று வாங்காதீர்கள். பாம்புத் தோல் மாதிரி வரிகள் ஓடும் பழைய டமாஸ்கஸ் குழல் அழகாக இருக்கும், சுவரில் மாட்டலாம், இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுடும் வேலைக்கு வேண்டாம்.

அப்புறம் அறை நீளம். இதை விற்கிறவர் சொல்ல மாட்டார், வாங்குகிறவர் கேட்க மாட்டார். பழைய துப்பாக்கிகளில் தோட்டா உட்காரும் அறை 65 மி.மீ. இருக்கும், இப்போது வரும் தோட்டாக்கள் 70 மி.மீ.யிலும் வருகின்றன. 70 தோட்டாவை 65 அறைக்குள் வைத்தால் சிக்காமல் உள்ளே போய்விடும், துப்பாக்கியும் மூடும், ஏனென்றால் தோட்டாவின் வாய் மடித்து மூடியிருக்கிறது. அந்த 70 என்பது சுட்டபிறகு வாய் விரிந்து நிற்கும் நீளம். விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தில் போய் முட்டும்போது அழுத்தம் எகிறும். ஒரு தடவையில் ஒன்றும் ஆகாமல் போகலாம், இருபதாவது தடவையில் ஆகலாம். குழலின் அடியில் குத்தியிருக்கும் முத்திரைகளைப் படிக்கத் தெரிந்த டீலரிடமோ துப்பாக்கி மெக்கானிக்கிடமோ அளந்து கேட்டுவிட்டுத் தோட்டா வாங்குங்கள். இதேபோல 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் நழுவி நடுவில் போய் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பின்னால் ஒரு 12 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் இடது கை இருக்கும் இடத்தில் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். இரண்டு அளவையும் ஒரே பையில் போடாதீர்கள்.

குழலின் வாய்ப்பக்கம் கடைசி இரண்டு அங்குலத்தில் இருக்கும் சின்ன நெருக்கம்தான் சோக். 40 கஜ தூரத்தில் 30 அங்குல வட்டம் வரைந்து சுட்டால், நெருக்கமே இல்லாத சிலிண்டர் குழல் ரவையில் சுமார் 40 சதவீதத்தை வட்டத்துக்குள் போடும், நடுத்தர நெருக்கமான மாடிஃபைட் 60, மிக நெருக்கமான ஃபுல் 70. இரட்டைக்குழலில் வழக்கமாக வலது கொஞ்சம் திறந்தும் இடது நெருக்கமாகவும் இருக்கும். ஃபுல் சோக் இருந்தால் நல்ல துப்பாக்கி என்று பெருமை பேசுவார்கள். புதிதாகப் பழகுகிறவருக்கு அது எதிரி, ரவை கைக்குட்டை அளவில் போகும், தவறினால் சுத்தமாகத் தவறும். காகிதத்தில் சுட்டுப் பார்க்காமல் எந்தக் குழலைப் பற்றியும் பேசாதீர்கள். பெரிய காகிதத்தைச் சுடப் பழகும் ரேஞ்சில் கட்டி ஒவ்வொரு தோட்டா ரகத்துக்கும் ஒரு தாள் சுட்டுப் பார்த்தால், ஒரே குழல் இரண்டு கம்பெனித் தோட்டாவை இரண்டு விதமாக வீசுவது கண்ணுக்குத் தெரியும்.

ரவை எண்ணும் போர் போலத்தான், எண் ஏற ஏற ரவை சின்னது. 6-ஆம் நம்பர் பறவை அளவு, எஸ்.ஜி., எல்.ஜி. பெரிய ரவை. 6-ஆம் நம்பர் ரவை 40 கஜத்துக்கு மேல் வேலைக்கு உதவாது என்றாலும் 200 கஜத்துக்கு மேல் பறந்து போய் விழும், கண்ணில் பட்டால் கண் போகும். எல்.ஜி. அதைவிடப் பல மடங்கு போகும், ஒற்றை ஈயக் குண்டு போட்டால் தூரத்தை நினைக்கவே வேண்டாம். இப்போது நம்ம மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல், அதுவும் காட்டைச் சேர்த்து வகுத்த கணக்கு. ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் விளைக்கு விளை வீடு. எந்தத் திசையில் திருப்பினாலும் 200 கஜத்துக்குள் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார்கள்.

ராத்திரி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். பன்றி ராத்திரிதான் வரும், அதனால் துப்பாக்கி பிடித்தவனுக்கும் ராத்திரி புத்திதான். டார்ச் அடித்தால் கண் மின்னும், மின்னுகிற இடத்தில் சுடு, இதுதான் காலங்காலமாகச் சொல்லிக்கொடுக்கும் பாடம். ரப்பர் வெட்டுக்காரர்கள் விடிவதற்கு வெகு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்குகிறார்கள், அந்த நேரத்தில் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். மரத்தடியில் குனிந்து பட்டையைச் சீவிக்கொண்டிருக்கும் ஆளை இருட்டில் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு வெளிச்சப் புள்ளி, ஒரு கறுப்பு உருவம், கொஞ்சம் அசைவு. முழு உருவமும் தெரியாமல், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் குறிவைக்கவே கூடாது என்று பயிற்சியில் சொல்வது சடங்குக்காக அல்ல. மற்ற விதிகளும் நாலு வரிதான்: எப்போதும் நிரப்பியிருப்பதாகவே நினை, குழலை ஆள் பக்கம் திருப்பாதே, குறிவைக்கும் வரை விரல் விசைக்கு வெளியே, வேலி தாண்டுமுன் மடக்கித் தோட்டாவை எடு. விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறந்து பார்க்காதீர்கள். குழலை மண் பக்கமோ தடுப்பு மேட்டுப் பக்கமோ வைத்தபடி அரை நிமிஷமாவது காத்திருங்கள், சில தோட்டா தாமதமாக வெடிக்கும்.

தோளில் பிடிப்பதைக் காசு கொடுத்தாவது ஒருவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். எந்தக் கண் உங்களுக்குத் தலைமைக் கண் என்று முதலில் பாருங்கள், வலது கைக்காரருக்கும் இடது கண் ஓங்கியிருக்கலாம், அப்படியிருந்தால் எவ்வளவு சுட்டாலும் ரவை ஒரு பக்கமாகவே போகும். தோளில் பதியும் பின்கட்டை நீளம் அதிகமென்றால் அக்குளில் இடிக்கும், குறைந்தால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். பழைய துப்பாக்கிகள் தாத்தா உயரத்துக்கோ தோட்டத்துரை உயரத்துக்கோ செய்தவை, உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. காதை அடைத்துக்கொள்ளுங்கள். "நாட்டுக்காரன் காதுக்கு ஒண்ணும் ஆகாது" என்பவர் பேசும்போது பாருங்கள், இரண்டு தடவை கேட்பார்.

சுடுவதில் உண்மையிலேயே ஆசை இருந்தால் களிமண் தட்டு சுடும் ட்ராப், ஸ்கீட் விளையாட்டுகள்தான் இந்தியாவில் நேர்வழி. 110 மி.மீ. அகலத் தட்டு பறந்து போகும், 24 கிராம் ரவைத் தோட்டாவால் அதை உடைக்க வேண்டும். 2004 ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் டபுள் ட்ராப்பில் வெள்ளி வாங்கினார். நம்ம தமிழ்நாட்டுப் பிருத்விராஜ் தொண்டைமான் ஹாங்ஜோ ஆசியப் போட்டியில் ட்ராப் குழுத் தங்கம் வாங்கிய அணியில் இருந்தவர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். செலவு பிடிக்கும் விளையாட்டு, ஷாட்கன் ரேஞ்ச் வீட்டுப் பக்கத்தில் இருக்காது, குமரியிலிருந்து வடக்கே நெடுந்தூரம் போக வேண்டும். ஆனால் இதில் பழகியவன் கைக்கும் சும்மா சுவரில் மாட்டி வைத்தவன் கைக்கும் உள்ள வித்தியாசம் துப்பாக்கியை எடுக்கும்போதே தெரியும்.

கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்ட நம்ம பிள்ளைகள் கேட்பது வேறு, அங்கே சட்டப்படி வேட்டை உண்டு. கனடாவில் முதலில் பாதுகாப்புப் படிப்பு, பிறகு லைசென்ஸ், அதற்கப்புறம்தான் கடை. ஆஸ்திரேலியாவில் 1996-க்குப் பிறகு பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன் சாதாரண ஆளுக்குக் கிடைப்பது கஷ்டம், அங்கே இரட்டைக்குழல்தான் தொடக்கம். அமெரிக்காவில் ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 என்று இரண்டு பம்ப் துப்பாக்கிகளைத்தான் எல்லோரும் முதலில் கை காட்டுவார்கள், இரண்டும் அரை நூற்றாண்டுக்கு மேலாக விற்கிறவை. அங்கே வாத்து சுடப்போகிறவர் ஈய ரவை பயன்படுத்த முடியாது, 1991 முதல் நாடு முழுக்கத் தடை, குளத்தடியில் கிடக்கும் ஈயத்தைத் தின்று பறவைகள் செத்ததால் வந்தது. எஃகு ரவை கடினமானது, அதைப் பழைய குழலிலோ மிக நெருக்கமான சோக்கிலோ போட்டால் குழல் கெடும். ஆகவே அங்கே தாத்தா காலத்துத் துப்பாக்கியை மலிவாக வாங்குவதற்கு முன் இதைக் கேளுங்கள். உள்ளூர் சீசன், பறவைக்கான அனுமதி எல்லாம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு, ஊரில் உள்ளவன் பேச்சை நம்பாமல் அரசு வெளியிடும் அந்த வருஷத்துப் புத்தகத்தைப் பாருங்கள்.

ஊருக்குத் திரும்புவோம், பராமரிப்பு. நமக்கு இரண்டு மழை, கடல் காற்று வேறு. கொல்லங்கோடு, குளச்சல் பக்கம் வீட்டில் இருக்கும் இரும்பு கேட் ஒரு வருஷத்தில் என்ன ஆகிறதோ, துப்பாக்கிக்கும் அதுதான். தோல் உறையில் போட்டுப் பூட்டி வைப்பது பெரிய தப்பு, உறை ஈரத்தைக் குடித்துவைத்துக்கொண்டு குழலை உள்ளேயே துருப்பிடிக்க வைக்கும். கழற்றி, எண்ணெய்த் துணியால் துடைத்து, காற்றோட்டமுள்ள பூட்டிய அலமாரியில், தோட்டாவை வேறு இடத்தில் வேறு பூட்டில் வையுங்கள். சாவி எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தால் அது பூட்டே அல்ல.

அப்பா பெயரில் இருந்த துப்பாக்கி அப்பா போனபிறகு உங்கள் துப்பாக்கி ஆகிவிடாது. லைசென்ஸ் அவரோடு முடிந்தது. ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்துவிட்டு வாரிசாக விண்ணப்பிக்க வேண்டும். அப்பா இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு: அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ வாரிசுக்குக் கேட்கலாம். பெட்டிக்கடியில் கிடக்கிறது, யாருக்கும் தெரியாது என்று விடுபவர்கள்தான் பிறகு லைசென்ஸ் இல்லாத ஆயுதம் என்ற பிரிவில் நிற்கிறார்கள்.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அங்கே கிடக்கும். கொடுக்கும் முன் குழலுக்குள் நன்றாக எண்ணெய் விடுங்கள். ரசீதில் துப்பாக்கி நம்பர் சரியாக எழுதியிருக்கிறதா, கட்டையில் ஏற்கெனவே உள்ள கீறல், உடைப்பு குறித்திருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துவிட்டு வாங்குங்கள், முடிந்தால் கொடுக்கும் முன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். திருப்பி வாங்கும்போதும் மேசையிலேயே மடக்கி, காலி என்று பார்த்து, வெளிச்சத்தில் குழலைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து.